பிளஸ் டூ முடிச்சாச்சா? உதவித்தொகைக்கு முதல்ல வங்கிக் கணக்கைப் பாருங்க

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் வங்கிக் கணக்குதான். அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆதார் எண்ணை வைத்தே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ஒருவருக்கு மூன்று கணக்கு இருந்தாலும், கடைசியாக எதில் ஆதார் வழிப் பணம் பெற ஒப்புதல் தந்தாரோ அதற்குத்தான் போகும். கேஒய்சிக்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்கு, ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. கிளையில் போய், "டிபிடி (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) வர இந்தக் கணக்கை ஆதாரோட சேர்த்திருக்கா?" என்றே கேளுங்கள். அஞ்சலகக் கணக்கு என்றாலும் இதே கேள்விதான்.

அடுத்தது சான்றிதழ்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றுக்கும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வில் சேருபவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. அக்கா ஏற்கெனவே வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை!

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற தமிழக அரசுத் திட்டங்கள்: மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் பெறலாம். பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நல்ல மதிப்பெண், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் என்றால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் திட்டத்தையும் பாருங்கள். பதிவு செய்ய அங்கே கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் இடைத்தரகர்.