கோப்பையின் அடி நேர்க்கோடு இல்லை

ஓவிய வகுப்பில் முதல் நாள் என் முன்னால் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்து, "பார்த்து வரைங்க" என்றார் ஆசிரியை. வாய்க்கு ஒரு நீள்வட்டம், பக்கத்துக்கு ஒரு கோடு, அடியில் ஸ்கேல் வைத்தாற்போல் நேர்க்கோடு. இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டேன். "அடி அப்படியா தெரியுது?" என்று கேட்டார். மேசை தட்டை, அதன்மேல் நிற்கும் கோப்பையின் அடியும் தட்டைதானே என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. கண்ணை யாரும் கேட்கவே இல்லை.

நீங்களும் ஒரு கோப்பையிலிருந்தே தொடங்குங்கள். முதலில் அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெதுவாக இறக்க இறக்க அந்தக் கோடு நீள்வட்டமாகத் திறந்துகொள்ளும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் இன்னும் அகலமாகத் திறக்கிறது. அப்படியானால் மேசையில் இருக்கும் கோப்பையில், வாயைவிடத் தாழ்வாக உள்ள அடிதான் அதிகமாக வளைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பாதியையும் சேர்த்து அடி வட்டத்தை லேசாக முழுசாகப் போட்டுவிட்டு, வேண்டாததை அப்புறம் அழியுங்கள். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக் கூடாது. அங்கேயும் அது வளைந்துதான் திரும்பும்.

பொருட்களுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். எச்பி, 2பி, 6பி என மூன்று பென்சில் போதும். எச் வகை கடினம், வெளிறிய கோடு விழும். பி எண் கூடக் கூட மென்மையும் கருமையும் கூடும். தாள் சாதாரணமாக, நிறைய இருக்கட்டும். நல்ல தாளைக் கண்டாலே என் கை பயந்து சுருங்கிவிடும். ரப்பரை முதல் அரைமணி நேரம் பைக்குள்ளேயே வையுங்கள்.

தாளை மேசையில் படுக்கப்போட்டு வரையாதீர்கள். நான் அப்படி வரைந்த பாட்டிலை எழுந்து நின்று தூக்கிப் பார்த்தால், கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டிருந்தது. படுத்திருக்கும் தாளின் மேல்பகுதி நமக்குத் தள்ளிப்போவதால் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாக நீட்டி வரைந்துவிடும். பலகையில் தாளைக் கிளிப் போட்டு, உங்களை நேருக்கு நேர் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடித்து, நீளக் கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள். எழுதுவதுபோல் நுனியில் பிடிப்பது சின்ன நுணுக்கங்களுக்கு மட்டும்.

அளவு எடுப்பது எல்லாரும் நினைப்பதைவிடச் சுலபம். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியைக் கோப்பையின் ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கம் வருமிடத்தில் கட்டைவிரலை நிறுத்துங்கள். இது அகலம். உயரம் இதைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அதே விகிதத்தைத் தாளில் போடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு பொய். பென்சில் பொருளை நோக்கிச் சாய்ந்தாலும் பொய்தான்.

நாற்காலி வரையச் சொன்னால் நாற்காலியை வரையாதீர்கள். கால்களுக்கு நடுவே, முதுகுக் கம்பிகளுக்கு நடுவே தெரியும் காலி இடங்களை வரையுங்கள். காலி இடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் "எனக்குத் தெரியும்" என்று மூளை குறுக்கே வராது.

நிழலுக்கு வந்தால், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் பெரிய திட்டுகளாகப் பிரியும். இருப்பதிலேயே கருப்பான இடத்தை முதலில் போட்டால் மற்றதை அதோடு ஒப்பிடலாம். விரலால் தேய்க்க ஆசை வரும். விரலின் எண்ணெய்ப்பசை அழியாத திட்டாக நின்றுவிடும். நிழல் பக்கத்தின் ஓரத்தில், மேசையிலிருந்து எகிறி வரும் மெல்லிய வெளிச்சம் ஒன்று தெரியும். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் பளீரென்று விட்டுவிட்டேன். பீங்கான் கோப்பை தகரமாகிப் போனது. அது நிழலின் ஒரு பகுதிதான், வெளிச்சப் பக்கத்தைவிட மங்கலாகவே இருக்க வேண்டும்.

ஆசிரியர் திருத்த வந்தால் உங்கள் தாளில் வேண்டாம், ஓரத்தில் வேறு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் வீட்டுக்கு எடுத்துப்போன முதல் நாலு படங்களில் பாதிக் கோடுகள் என்னுடையவை அல்ல.

கைப்பிடிக்கு மட்டும் எனக்கு இரண்டு வகுப்புகள் தேவைப்பட்டன. கடைசியில் நாற்காலி வித்தைதான் உதவியது: கைப்பிடிக்குள் தெரியும் ஓட்டையை முதலில் வரைந்தேன், அதைச் சுற்றிக் கைப்பிடி வந்து உட்கார்ந்துகொண்டது.