கோயில் வேலைக்கு ஆள் சேர்ப்பது எப்படி

போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தகவல் போட்டேன். "நாளை விடிகாலை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் தேவை. அனைவரும் வரவும்." குழுவில் 140 பேர். பதிலுக்குக் கும்பிடும் கை மட்டும் 43 வந்தது. விடிந்ததும் வந்தவர்கள் 4 பேர். அதில் ஒருத்தி நான், இன்னொருவர் என் வீட்டுக்காரர். வெங்காயம் 30 கிலோ.

எங்களுடையது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய தோட்டக் கோயில். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது, ரப்பர்ப் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனம் தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புப் பகுதி வாரியாக, பிரிந்துவிட்டது. மாரியம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். வெங்காயம் உரித்த கோபத்தில், தொலைதூரக் கல்வியில் ஒரு காலத்தில் படித்த உளவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்த வருஷம் அதில் உள்ளபடி செய்து பார்த்தேன். செயலாளர் பதவி உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் மேலே படியுங்கள்.

முதல் காரியம், "அனைவரும்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை பற்றி எழுதினார்கள். மாணவர்களை அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர் ஓட்டை வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். எது நடந்தாலும் அசையக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்த இரண்டு பேரைக் கூடவே உட்காரவைத்தபோது, 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டு, புகையைக் கையால் விசிறிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்களாம். என் குழுவிலும் அதே கதைதான். ஒவ்வொருவரும் மீதி 139 பேரைப் பார்த்துக்கொண்டு கும்பிடும் கையை அழுத்தியிருக்கிறார்கள்.

இதை என் அப்பா புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார். தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்தவர். இருட்டு பிரியாத நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், "எல்லாரும் வேலைக்குப் போங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெயரைக் கூப்பிடுவார், கூடவே எந்த மர நிரை (வரிசை) என்பதையும் சொல்லிவிடுவார். பெயர் விழுந்த பிறகு யார் பின்னால் போய் ஒளிவது?

அடுத்தது, நேரில் போய்க் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பிரான்சிஸ் ஃபிளின், வெனெசா லேக் இருவரும் 2008-இல் இந்தக் கூச்சத்தைத்தான் அளந்து பார்த்தார்கள். 5 பேரிடம் படிவம் நிரப்பி வாங்கி வர வேண்டும் என்றால் சுமார் 20 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று ஆட்கள் நினைத்தார்கள். உண்மையில் 10 பேரைக் கேட்டதே போதுமாக இருந்தது. 2017-இல் வந்த இன்னோர் ஆய்வில், மின்னஞ்சலில் கேட்பதைவிட நேரில் கேட்பது 34 மடங்கு பலித்தது. அது முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டது. நம் சொந்தக்காரர்களிடம் 34 மடங்கை எதிர்பார்க்காதீர்கள்.

முகத்துக்கு நேராக மறுப்பது மனிதருக்குக் கஷ்டம், அதனால்தான் இது பலிக்கிறது. ஆகவே கோயில் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். முடியாது என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள்.

இந்த வருஷம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரைக்கட்டு பொறுக்கிக்கொண்டிருந்த சரசு அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, சனிக்கிழமை காலையில 5 மணிக்குக் கோயிலுக்கு வர முடியுமா? பூசணிக்காய் வெட்டணும்."

"முட்டி வலிக்குதே தங்கச்சி."

"நாற்காலி போட்டு வைக்கிறேன்."

கீரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த இருட்டுல என்னை யாரு ஏத்திக்கிட்டுப் போறது?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்காக அங்கேயே நில்லுங்கள். யார் மோட்டாரில் வருவது, எத்தனை மணிக்கு வாசலில் நிற்பது, இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். 2002-இல் பிரிட்டனில் மாணவர்களிடம் உடற்பயிற்சி பற்றி ஒரு சோதனை நடந்தது. இருதய நோய் பற்றிப் படிக்கக் கொடுத்து ஆர்வம் மூட்டிய கூட்டத்தில் 35 சதவீதம் பேர்தான் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அதையும் படித்து, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதியும் வைத்த கூட்டத்தில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். அம்மன் அருள், புண்ணியம் என்று நான் போன வருஷம் எழுதியதெல்லாம் முதல் வகை. சரசு அக்கா 4.45-க்கு வாசலில் நின்றிருக்கிறார், கையில் அவருடைய சொந்த அரிவாள்மனை!

காலையில் பசியாற நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வையுங்கள். இதற்கெல்லாம் ஆராய்ச்சி தேவையில்லை.

மூன்று நாளில் 16 பேரைக் கேட்டேன். 11 பேர் வந்தார்கள்.

அப்புறம் நன்றி சொல்வது. "உதவிய அனைவருக்கும் நன்றி" என்பதும் அதே பழைய தப்புதான். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி இருவரும் கனடாவில் கணவன் மனைவிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு வேலையையும் தாண்டிப் போனது. நாம் செய்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அடுத்தவர் செய்தது அவ்வளவாக ஞாபகம் வராது. அதனால் பெயரும் வேலையுமாக ஒரு தாளில் எழுதி அன்னதானக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். பூசணிக்காய், சரசு. தேங்காய் துருவல், இன்னார். அண்டா கழுவியவர் வரைக்கும் விடாமல் எழுதினேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். வெங்காயத்துக்கு நேரே எங்கள் இருவர் பெயரும் இருந்தது.

"உன் பேரை எதுக்குப் போட்ட? நான்தானே உரிச்சேன்?"

முக்கால்வாசி உரித்தது நான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.