சிக்குக் கோலம்: படத்தை மனப்பாடம் செய்யாமல் போடுவது எப்படி

சிக்குக் கோலம், கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும் கோடு, அவ்வளவுதான். பலரும் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே வாசலில் இறக்கப் பார்க்கிறார்கள், பாதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். படம் வேண்டாம். கோடு எங்கே நேராகப் போகும், எங்கே வளையும் என்பது பிடிபட்டால் எவ்வளவு பெரிய கோலமும் வரும்.

முதலில் மாவு. கடையில் விற்கும் வெள்ளைக் கோலப்பொடி கல்லை அரைத்தது, விரலில் இருந்து நன்றாக விழும், பழகுவதற்கு நல்லது. ஆனால் எனக்குப் பிடித்தது பச்சரிசி மாவுதான், எறும்புக்கும் குருவிக்கும் ஆகும். அதைக் கொஞ்சம் நறநறவென்று அரைக்கவேண்டும். இடியாப்ப மாவு போல நைசாக இருந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். இரண்டையும் கலந்தும் போடலாம். ஓட்டை போட்ட குழாய், அச்சு, உருளை எதுவும் வாங்காதீர்கள். அவற்றில் கை பழகாது.

வாசல் தெளித்த உடனே ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே இழுத்து, தரை ஈரமாக மட்டும் இருக்கும்போது மாவு பிடிக்கும். தண்ணீர் தேங்கி நின்றால் கோடு கரைந்து பரவும்.

மாவை ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலால் ஆள்காட்டி விரலின் மேல் தேய்த்துக்கொண்டே கையை நகர்த்துங்கள். தரையில் இருந்து ஓர் அங்குல உயரம் போதும். அதற்கு மேலே போனால் கோடு தடிக்கும், சிதறும்.

இப்போது புள்ளி. நடுவில் ஒன்று, அதற்கு மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் ஒவ்வொன்று, ஆக 5. எல்லா இடைவெளியும் நான்கு விரல் அகலம். வரிசைக்கு 1, 3, 1 என்று, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாகப் புள்ளி விழுகிறது இல்லையா, 1-3-1 நேர்ப்புள்ளி என்பது இதுதான்.

நடுப்புள்ளிக்கும் இடப்புள்ளிக்கும் சரி பாதியில் கையை வையுங்கள். அங்கிருந்து சாய்வாக மேலே, வலப்பக்கமாக, நடுப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் உள்ள இடைவெளிக்குப் போங்கள். அதைத் தாண்டி மேல்புள்ளியின் வலப்பக்கம் ஏறி, தலையைச் சுற்றி, இடப்பக்கம் இறங்கி, அதே இடைவெளிக்குத் திரும்புங்கள். இங்கேதான் எல்லோருக்கும் கை நின்றுவிடும். ஏற்கெனவே போட்ட கோடு குறுக்கே வருகிறதே என்று பயந்து, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். திரும்பாதீர்கள். அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு, அதே சாய்வில், வலப்பக்கம் கீழே இறங்குங்கள். வெட்டும் இடத்தில் கையை ஒரு கணம்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அங்கே மாவு குவிந்துவிடும். அடுத்து நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையே நுழைந்து, வலப்புள்ளியைக் கீழிருந்து சுற்றி மேல்வழியாக வந்து, மறுபடி வெட்டி, கீழ்ப்புள்ளிக்கு. கீழ்ப்புள்ளியை இடப்பக்கமிருந்து சுற்றி வலப்பக்கம் ஏறி, வெட்டி, இடப்புள்ளிக்கு. இடப்புள்ளியை மேலிருந்து சுற்றிக் கீழ்வழியாக வந்தால் ஆரம்பித்த இடம். கோடு ஒன்று, வெட்டு நான்கு, இதழ் நான்கு, நடுவில் ஒரு கட்டம்.

இதற்குள் விதி வந்துவிட்டது: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் சாய்வாகவே நுழை, நுழைந்ததும் அதே சாய்வில் நேராகப் போ, போகும் பக்கம் புள்ளி தீர்ந்துவிட்டால் மட்டும் வளை. வரிசையாகப் புள்ளி வைத்த கோலத்தில், ஓரத்துப் புள்ளி என்றால் அதன் வெளிப்பக்கமாக வளைந்து, அதற்கும் அடுத்த ஓரப்புள்ளிக்கும் நடுவே உள்ளே வரவேண்டும். மூலைப் புள்ளி என்றால் வெளியே இருக்கும் இரண்டு பக்கத்தையும் சுற்றிவிட்டு உள்ளே வரவேண்டும். வேறு எங்கேயும் வளைக்காதீர்கள்.

அடுத்த பயிற்சிக்கு 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்துப் போட்டுப் பாருங்கள். முழுக் கோலமும் ஒரே கோட்டில் முடியும்.

பிறகு சேர்த்தது: 1-3-5-3-1 போட்டவர்கள் பலர், பாதிப் புள்ளி மிச்சமிருக்கும்போதே கோடு ஆரம்பித்த இடத்துக்கு வந்து மூடிவிடுகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தார்கள். தப்பே இல்லை. அந்தக் கோலத்துக்கு மூன்று கோடு. ஒன்று வெளியே நாலு முனையையும் இணைத்துப் போகும், மற்ற இரண்டும் குறுக்காக நீளமான வளையங்கள். ஒன்று மூடியதும் கையை எடுத்து, கோடு ஒரு தடவை மட்டும் போயிருக்கும் இடைவெளியில் அடுத்ததைத் தொடங்குங்கள். எல்லா இடைவெளியிலும் இரண்டு கோடு வெட்டினால் கோலம் முடிந்தது.

கட்டமாகப் புள்ளி வைத்தால் எத்தனை கோடு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வரிசை எண்ணையும், வரிசையில் உள்ள புள்ளி எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கோடு. 3க்கு 4 என்றால் 1. 4க்கு 6 என்றால் 2. 3க்கு 3 என்றால் 3. இவ்வளவு கணக்கு நம் வாசலில் கிடக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் (ஒரு வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளை) இணைத்து ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி, பத்திரிகையில் வரும் '15-8 ஊடுபுள்ளி'. நடு வரிசையில் 15 வைத்து, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்தவேண்டும். அடுத்த வரிசைப் புள்ளி, முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள், நேர்ப்புள்ளியில் கை ஓடட்டும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் டைல்ஸில் மாவு நழுவுகிறது என்கிறார்கள். அங்கே மாக்கோலம் போடுங்கள். பச்சரிசியை ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, சின்ன வெள்ளைத் துணியை அதில் முக்கி உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக இழை இறங்கும். போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். அதனால் தெரியவில்லையே என்று மேலே மேலே போடாதீர்கள்.