ஹட்டனிலிருந்து லண்டனுக்கு: பயணத் திட்டத்தைத் திருத்திய விதம்

2021ஆம் ஆண்டு மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் லண்டன் செல்ல வேண்டியிருந்தது. ஜூன் 8ஆம் திகதி பிரித்தானியா, கோவிட் தொற்றினால் பயணத் தடை விதித்த நாடுகளின் சிவப்புப் பட்டியலில் இலங்கையைச் சேர்த்ததால், நாங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த விமானச்சீட்டுகள் பயனற்றுப் போயின. கொழும்பிலிருந்து தோஹா வரை ஒன்றும் அங்கிருந்து லண்டனுக்கு வேறொன்றுமாகத் தனித்தனியே வாங்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. ஒரு பகுதி இரத்தானபோது மற்றைய நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது.

செப்டம்பர் 22ஆம் திகதி தடை நீங்கியதும், முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவில், திகதி மாற்றத்துக்கு இடமளிக்கும் சீட்டையே வாங்கினேன். பிறகு விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். கோவிட் தொற்றைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை, புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அமைய வேண்டியிருந்தது. இலங்கையில் தனிமைப்படுத்தல் ஊரடங்கோ அக்டோபர் முதலாம் திகதி வரை நீடித்தது. மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டாலும் கட்டுநாயக்க விமான நிலையத்தை நேரத்துக்கு அடைய, முந்திய நாளே ஹட்டனிலிருந்து புறப்பட்டோம்.

பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் எனக்கு நெஞ்சு பதறியது. கடவுச்சீட்டில் என் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, அறிக்கையில் முதலெழுத்து மட்டுமே இருந்தது. தோட்டப்புறத்தில் பலருக்கும் இச்சிக்கல் உண்டு. கடவுச்சீட்டைக் காட்டி அங்கேயே திருத்திக்கொண்டு, இரண்டு அச்சுப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் அதிகாரி அப்பெயரைத்தான் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.