அலாட்மென்ட் ப்ளாட்டுக்குத் தண்ணி விடுறது எப்படி: புதுசா சாவி வாங்கினவங்களுக்கு

லண்டன்லயும் சுத்துவட்டாரத்துலயும் நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்குக் குடுக்கற நிலத்துண்டு) எடுத்து முளைக்கீரை, வெந்தயக்கீரை, பூசணின்னு போட்டுட்டு இருக்காங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல வருஷக்கணக்கா காத்திருந்து சாவி கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி என்ன நடலாம்ங்கறதுதான், தண்ணி எங்க இருந்து வரும்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி, அது ஜூலை வெயில்ல ரெண்டு கையிலயும் கேனைத் தூக்கிட்டு நடக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். ஊர்ல காலையும் சாயங்காலமும் செடிக்குத் தண்ணி தெளிச்சுப் பழகினவங்களுக்கு இன்னும் கஷ்டம், ஏன்னா இங்க அந்தப் பழக்கத்தை முதல்ல விடணும். ஒண்ணொண்ணா பாப்போம்.

1. சைட்டை ஒரு ரவுண்ட் சுத்திப் பாருங்க

பெரும்பாலான சைட்ல ப்ளாட்டுக்கு ப்ளாட் குழாய் கிடையாது. வழியோரமா அங்கங்க ஒரு தொட்டி வெச்சிருப்பாங்க, தகரமோ சிமென்ட்டோ பிளாஸ்டிக்கோ, மெயின் லைன்ல இருந்து தண்ணி வந்து மிதவை வால்வு வழியா தானா நிரம்பும், நீங்க கேனை முக்கி எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான். சில சைட்ல ஸ்டாண்ட்பைப் (மண்ணுல இருந்து நேரா நிக்கற பைப்) குழாய் இருக்கும், ஹோஸ் மாட்ட விடுவாங்க, சில இடத்துல கையில பிடிச்சுட்டு நிக்கற வரைக்கும்தான் ஹோஸ், போட்டுட்டுப் போகக்கூடாது. பல இடத்துல ஹோஸே கூடாது.

செக்ரட்டரிகிட்டயோ கமிட்டி ஆளுங்ககிட்டயோ இதையெல்லாம் கேட்டுக்கங்க: ஹோஸ் அனுமதி உண்டா, தண்ணி பில் வாடகையிலயே வருதா இல்ல மீட்டர் பாத்து எல்லாரும் பிரிச்சுக் கட்டறதா, ஸ்டாப்காக் (மெயின் லைனை மூடற வால்வு) எங்க இருக்கு, குளிர்காலத்துல எப்ப மூடி எப்ப திறப்பாங்க. ஸ்டாப்காக் எதுக்கு உங்களுக்குன்னு தோணும், ஒரு ஞாயித்துக்கிழமை பைப் வெடிச்சு வழியெல்லாம் ஆறா ஓடும்போது கமிட்டில ஒருத்தரும் போனை எடுக்கலேன்னா புரியும்.

2. கணக்கு போடுங்க, அப்புறம் நடுங்க

பழைய அளவுப்படி ஒரு முழு ப்ளாட் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். இப்ப புதுசா வர்றவங்களுக்கு அதிகமா பாதி ப்ளாட்தான் கிடைக்குது. அந்த 125 சதுர மீட்டர்ல வழி, ஷெட், உரக்குழி எல்லாம் போக 60 சதுர மீட்டர்ல பயிர் இருக்குன்னு வெச்சுக்கங்க. மழையே இல்லாத கோடையில மண்ணை ஆழமா நனைக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 24 லிட்டர் வரைக்கும், ஏழுல இருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை. 60 பெருக்கல் 24, 1,440 லிட்டர். 10 லிட்டர் கேன்ல 144 நடை.

யாராலயும் முடியாது. அதனால எல்லாத்துக்கும் தண்ணி விடணும்ங்கற எண்ணத்தையே விட்டுருங்க. எந்தப் பயிருக்கு எப்ப அவசியம்னு தெரிஞ்சு அதுக்கு மட்டும் தூக்கறது, மிச்சத்தை மண்ணும் மழையும் பாத்துக்கற மாதிரி ஏற்பாடு பண்றது, கீழ வர்றது எல்லாம் அதுக்குத்தான். தாகம் எடுக்கற செடிங்களை, அதாவது கீரை, கோர்ஜெட் (சுக்கினி), தக்காளி, பீன்ஸை தொட்டிக்குக் கிட்ட இருக்கற பக்கமா போடுங்க, பூண்டு, வெங்காயம், பழப்புதரெல்லாம் தூரத்துல இருக்கட்டும்.

3. மழைத்தண்ணியைப் பிடிங்க

கணக்கு ரொம்ப சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரைல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா ஒரு லிட்டர். எட்டுக்கு ஆறு அடி ஷெட்னா கூரை கிட்டத்தட்ட நாலரை சதுர மீட்டர், லண்டன் பக்கம் வருஷத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர் மழை, ஆக 2,700 லிட்டர், சிந்தினது ஆவியானது போக கொஞ்சம் குறையும். ஷெட் ஓரத்துல ஒரு கட்டர் (கூரைத் தண்ணி வழியற தகடு) அடிச்சு 210 லிட்டர் வாட்டர் பட் (மழைத்தண்ணி பிடிக்கற பீப்பாய்) ஒண்ணுல விட்டா நவம்பர்ல ஒரு நல்ல மழை வாரத்துல நிரம்பி வழிய ஆரம்பிச்சுடும், ஜூன்ல ரெண்டே நாள்ல காலியாயிடும், அதனால முடிஞ்சா ரெண்டு மூணை பைப் போட்டு இணைங்க, இல்லேன்னா 1,000 லிட்டர் ஐபிசி டேங்க், கம்பிக்கூண்டுக்குள்ள வெள்ளை பிளாஸ்டிக்ல இருக்குமே, அது ஒண்ணு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது முன்னாடி அதுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க, ஜூஸோ சிரப்போ இருந்ததுன்னா ஓகே, கெமிக்கல்னா தொடவே வேண்டாம். நிரம்பினா ஒரு டன் எடை, அதனால மண்ணைச் சமப்படுத்தி ஸ்லாப் போட்டு அதுமேல வைங்க, குழாய்க்கு அடியில கேன் நிக்கற அளவு உயரம் வேணும். வெள்ளை டேங்க்ல வெளிச்சம் பட்டா பச்சைப் பாசி பிடிச்சு குழாய் அடைச்சுக்கும், கறுப்பு ஷீட்டைச் சுத்திக் கட்டிருங்க. மூடி கட்டாயம், கொசுவுக்காக மட்டும் இல்ல, சைட்ல குழந்தைங்க சுத்துவாங்க.

இந்த டேங்க்ல டிரிப் லைன் மாட்டலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் பிரஷர்தான் வரும், கடைல விக்கற சாதாரண டிரிப்பருக்கு அது பத்தாது, முதல் ரெண்டு செடி நனையும் கடைசிச் செடி காயும். கம்மி பிரஷர்ல வேலை செய்யும்னு போட்டிருக்கற கிட்டா பாத்து வாங்கணும்.

இன்னொண்ணு, ரொம்ப நாள் தேங்கின தண்ணியை நாத்துக்கு ஊத்தாதீங்க, நாத்து அழுகல் வரும், அதுக்கு மெயின் தண்ணிதான் நல்லது. பச்சையா சாப்பிடற லெட்டூஸ் இலைமேலயும் பட் தண்ணி படாம வேர்ல விடுங்க.

4. மண்ணைத் தண்ணி பிடிக்க வைங்க

இது போரடிக்கற வேலை, ஆனா தூக்கற கேன்ல பாதியைக் குறைக்கறது இதுதான். லண்டன்ல பல இடத்துல களிமண், கோடையில பாளம் பாளமா வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா ஊத்தற தண்ணி நேரா கீழ ஓடிடும். மணல் மண்ணுன்னா நிக்கவே நிக்காது. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், மக்கின உரம், வருஷா வருஷம். மேல 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு போடுங்க, வெட்டின புல்லு, வைக்கோல், மரத்தூள், அட்டைப்பெட்டி எது கிடைச்சாலும் சரி. மண்ணு நல்லா நனைஞ்சப்புறம்தான் மூடணும், காய்ஞ்ச மண்ணு மேல போட்டா சின்ன மழை உள்ள இறங்கவே இறங்காது. ஏப்ரல்லயே போட்டா அடியில நத்தை குடும்பம் நடத்தும், மே கடைசி வரைக்கும் பொறுங்க.

5. விடற விதம்

விடறதுக்கு முன்னாடி விரலை மண்ணுக்குள்ள முழுசா விட்டுப் பாருங்க. மேல வெளுத்து காய்ஞ்சு கிடக்கும், ரெண்டு இஞ்ச் கீழ ஜில்லுனு ஈரம் இருக்கும், அப்ப இன்னிக்கு வேண்டாம், வீட்டுக்குப் போலாம். மத்தியானம் கோர்ஜெட் இலை துவண்டு தொங்கறதைப் பாத்து பதறாதீங்க, சாயங்காலம் தானா நிமிர்ந்துச்சுன்னா அதுக்கு தாகம் இல்ல, வெயிலுக்குப் பண்ற வேலை அது. காலையிலயும் தொங்கினா விடணும்.

காலையில விடறது நல்லது. ஆபீஸ் போறவங்க சாயங்காலம் விடலாம், இலை நனையாம வேர்ல மட்டும். தினம் கொஞ்சம் தெளிச்சா வேர் மேலாப்புலயே நின்னுடும், அப்புறம் நாலு நாள் நீங்க வரலேன்னா செடி காலி. வாரம் ஒரு தடவை நிறைய ஊத்தினா வேர் கீழ தேடிட்டுப் போகும். ஒவ்வொரு செடியைச் சுத்தியும் கையால ஒரு பாத்தி கட்டிட்டு பாதி கேனை ஊத்துங்க, உள்ள இறங்கற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் மீதி. அஞ்சு நிமிஷம் கழிச்சு பக்கத்துல ஒரு சின்ன கரண்டியால தோண்டிப் பாருங்க, எத்தனை தடவை ஒரு இஞ்ச்தான் நனைஞ்சிருக்கும்னு பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

நம்ம ஊர்ப் பானைப் பாசனம் இங்க அருமையா வேலை செய்யும். கார்டன் சென்டர்ல விக்கற பூச்சு இல்லாத மண் தொட்டியை எடுத்து அடி ஓட்டையை கார்க்கால அடைச்சு கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி நிரப்பி மேல ஒரு தட்டு மூடிருங்க. சுவர் வழியா மெல்லக் கசியும், மண்ணு காய்ஞ்சா கூட இழுக்கும், ஈரமா இருந்தா நிறுத்திக்கும். பூசணிக்கும் தக்காளிக்கும் நடுவுல ஒண்ணு போதும். குளிர்காலத்துக்கு முன்னாடி எடுத்து ஷெட்ல வெச்சுருங்க, உள்ள தண்ணி உறைஞ்சா விரிசல் விட்டுடும்.

6. எந்தப் பயிருக்கு எப்ப

உருளைக்கிழங்குக்கு பூ விடற சமயத்துல, கிழங்கு பிடிக்கற நேரம் அது. ரன்னர் பீன்ஸுக்கும் பூ வந்ததுல இருந்து, காய்ஞ்சா பூ கொட்டிடும். ஸ்வீட் கார்னுக்கு கதிர் வரும்போதும் மணி பிடிக்கும்போதும். தக்காளிக்கு ஒரே சீரா, நாலு நாள் காயப்போட்டு அஞ்சாம் நாள் வெள்ளமா விட்டா பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுத்து தோல் மாதிரி ஆயிடும். கொத்தமல்லி காய்ஞ்சா உடனே பூவுக்குப் போயிடும், அதுக்கு விட்டே ஆகணும். வெங்காயம், பூண்டுக்கு தலை முத்த ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. வேர் பிடிச்ச கேரட், பீட்ரூட் எல்லாம் ரொம்ப வறட்சின்னா மட்டும்.

7. தொட்டி எல்லாருக்கும் பொது

சண்டை வர்றது இங்கதான். மண்ணோட இருக்கற கிழங்கைத் தொட்டியில அலசாதீங்க, அடியில சேறு சேர்ந்து நாறும். மருந்து அடிச்ச கேனை அதுல முக்கவே கூடாது. வெயில் நாள்ல தொட்டில இருந்து எடுத்து உங்க ஐபிசியை நிரப்பாதீங்க, லைன் கடைசில இருக்கற தொட்டி நிரம்பறதுக்கு மணிக்கணக்கா ஆகும், அங்க ஒரு பெரியவர் காலி கேனோட நிப்பார். ஹோஸ் முனையைத் தொட்டித் தண்ணிக்குள்ள போட்டுட்டுப் போறதும் தப்பு, மெயின்ல பிரஷர் இறங்கினா அந்த அழுக்குத் தண்ணி குடிதண்ணி லைனுக்குள்ள பின்னாடி இழுத்துக்கும், 1999 வாட்டர் ஃபிட்டிங்ஸ் ரெகுலேஷன் இதுக்காகவே குழாய்ல டபுள் செக் வால்வு (தண்ணி பின்னாடி போகாம தடுக்கறது) கேக்குது.

தொட்டி நிரம்பியும் நிக்காம வழியுதுன்னா மூடியைத் திறந்து மிதவைக் கையை மெதுவா மேல தூக்குங்க. தண்ணி நின்னுச்சுன்னா மிதவைதான் பிரச்சனை, உள்ள தண்ணி புகுந்து கனத்திருக்கும் இல்ல கை வளைஞ்சிருக்கும். தூக்கியும் நிக்கலேன்னா வால்வு வாஷர் தேய்ஞ்சிருச்சு, லண்டன் தண்ணில சுண்ணாம்பும் படியும். நீங்களே கழட்டாம கமிட்டிக்குச் சொல்லுங்க. தொட்டியில ஒரு பலகையைச் சாய்ச்சு வைங்க, முள்ளெலி விழுந்தா ஏறி வந்துடும்.

மீட்டர் பில் பிரிச்சுக்கற சைட்னா ராத்திரி கேட் பூட்டும்போது ஒரு ரீடிங், காலையில முதல் ஆள் வரும்போது ஒரு ரீடிங். முள்ளு நகர்ந்திருந்தா எங்கயோ ஒழுகுது, யார் அதிகமா எடுத்தாங்கன்னு முறைச்சுக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

ஆகஸ்ட்ல ஊருக்குப் போறவங்க பக்கத்து ப்ளாட்காரங்ககிட்ட மே மாசமே பேசிடணும், அவங்க லீவுக்கு நீங்க, உங்க லீவுக்கு அவங்க. பறிக்கற பீன்ஸும் கோர்ஜெட்டும் அவங்களுக்கேன்னு சொல்லிடுங்க, பறிக்காம விட்டாலும் காய்ப்பு நின்னுடும்.

8. ஹோஸ்பைப் தடை வந்தா

2022 ஜூலை 19ல லிங்கன்ஷையர்ல கோனிங்ஸ்பில 40.3 டிகிரி அடிச்சது, அடுத்த மாசம் 24ம் தேதி தேம்ஸ் வாட்டர் தண்ணி கம்பெனி ஹோஸ்பைப் தடை, அதாவது ஹோஸ்ல தண்ணி விடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. 2025 ஜூலைல யார்க்‌ஷையர்லயும் வந்துச்சு. இந்தத் தடை அலாட்மென்ட்டுக்கும் பொருந்தும். கேன்ல எடுத்து விடலாம், மழைத்தண்ணிக்குத் தடை இல்ல. டைமர் வெச்ச டிரிப்புக்கு சில கம்பெனி விலக்கு குடுப்பாங்க, உங்க கம்பெனி என்ன சொல்லுதுன்னு பாத்துக்கங்க.

9. மூடறதும் திறக்கறதும்

அக்டோபர் நவம்பர்ல பனி விழறதுக்கு முன்னாடி மெயினை மூடிருவாங்க. மூடினதும் எல்லாக் குழாயையும் திறந்து விட்டு பைப்பைக் காலி பண்ணணும், புதைச்ச லைன் 750 மில்லிமீட்டர் ஆழத்துல இருந்தா தப்பிக்கும், மண்ணுக்கு மேல நிக்கற ஸ்டாண்ட்பைப்தான் வெடிக்கும். உங்க வாட்டர் பட்டை முழுக்க நிரம்ப விடாம கொஞ்சம் குறைச்சு வைங்க.

மார்ச்ல திறக்கற அன்னிக்கு ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் ஸ்டாப்காக் கிட்ட, இன்னொருத்தர் போனோட லைன் கடைசிக் குழாய் கிட்ட. எல்லாக் குழாயும் மூடியிருக்கான்னு ஒரு தடவை நடந்து பாத்துட்டு, கடைசிக் குழாயை மட்டும் திறந்து வெச்சு கால் திருப்பு திறங்க. முதல்ல காத்து சீறும், அப்புறம் துருத் தண்ணி துப்பும், தெளிஞ்சதும் அதை மூடச் சொல்லிட்டு முழுசா திறங்க.