புரட்டாசியில் வீட்டை அலங்கரிக்கும் முறை

காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் நவராத்திரியும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வருவதால், புரட்டாசி அலங்காரத்தை நெற்கதிரிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மணி முற்றியும் தாளில் இலேசாகப் பசுமை மாறாமலும் இருக்கும் கதிர்களை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்திய பின், வாழைநாரால் கொத்தாகக் கட்டி வாசல் நிலையின் மேல் மாட்டுங்கள். கடும் வெயிலில் காயவைத்தால் மணிகள் உதிரும். குருவிகள் கொத்த வந்தால் விரட்ட வேண்டாம். அவை வருவதுதான் அந்தக் கொத்துக்கு அழகு.

கொலுப்படிகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் அமையட்டும். மரப்பாச்சிகளை மேல்படியில் வைப்பது வழக்கம். தஞ்சாவூர் ஆட்டக்காரி பொம்மைக்கு மட்டும் தனிக் கவனம் தேவை: தலை, உடல், பாவாடை ஆகியவை தனித்தனித் துண்டுகளாக உள்ளே கம்பிமுனையில் சமன்பட்டு நிற்பதால், சுற்றிலும் நான்கு விரற்கடை இடம் விட்டுச் சமதளத்தில் வைத்தால்தான் இலேசான காற்றுக்கும் அது தடையின்றி அசையும். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலமாதலால், காகிதக்கூழ் பொம்மைகள் ஓதமேறும் சுவரில் படக் கூடாது.

கொலுவின் பக்கத்தில் பூங்கா அமைக்க விரும்பினால், அகலத் தட்டில் வண்டல் மண் பரப்பி, நான்கைந்து நாள் முன்பே கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வாருங்கள்.

வாசலுக்கு மாக்கோலமே சிறந்தது. பச்சரிசியை ஊறவைத்து நைய அரைத்து, மோர்ப் பதத்தில் கரைத்து, துணியை நனைத்து விரல் வழியே இழை இறக்கி, அது காய்ந்த பிறகு ஓரத்தில் காவி தீட்டுங்கள்.