சந்திரசிலா: குளிரை விட வியர்வைக்குப் பயப்படுங்கள்

உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து விடிகாலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடக்கூடிய மலை சந்திரசிலா. சுமார் மூன்றரை கிலோமீட்டர் கல் பாவிய பாதையில் துங்கநாத் கோயில். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். உச்சியில் நின்றால் 7,138 மீட்டர் சௌகம்பா எதிரே தெரியும். கிழக்கே திரிசூல், நந்தாதேவி. நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. தண்ணீர் எடுத்துக்கொள், நல்ல ஷூ போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

துங்கநாத்தோடு திரும்புவது

பஞ்சகேதாரம் என்று சொல்லும் ஐந்து சிவன் கோயில்களில் துங்கநாத் மூன்றாவது. சிவன் கோயில்களிலேயே மிக உயரத்தில் இருப்பது என்ற பெருமையும் உண்டு. தரிசனம் முடிந்ததும் கால் வலிக்கிறது என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். நாலா பக்கமும் திறந்த காட்சி மேலே முகட்டில்தான். மிச்சமிருப்பது ஒரு மணி நேர ஏற்றம்.

கீழேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறுவது

உதயம் பார்க்க மூன்று மணிக்குக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் சோப்தா குளிர் ஆளை உலுக்கிவிடும். உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் டி-ஷர்ட், ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தடித்த ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா. இருபது நிமிஷத்தில் உடம்பு சூடேறி வேர்த்துக் கொட்டும். ஆனாலும் எதையும் கழற்ற மாட்டார்கள். "வேர்வைதானே அண்ணா, நம்ம ஊர்ல வராததா?" என்பார்கள்.

நம் ஊரில் அது ஒன்றும் செய்யாது. இங்கே அப்படியில்லை. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடக்கிற வரைக்கும் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது. முகட்டில் போய் நின்றதும் அந்தச் சூடு குறைந்துவிடும், காற்று அடிக்க ஆரம்பிக்கும். சோப்தாவை விட ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்பதால் வெப்பநிலையும் ஆறேழு டிகிரி குறைந்திருக்கும்.

ஒரு அக்டோபரில் கோவைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன். நல்ல உடல்வாகு, எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறிவிட்டான். உதயத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது உச்சியிலிருக்கும் சின்னக் கோயிலின் சுவரோரம் குந்தியிருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "தம்பி, ஜிப்பை மேலே இழு" என்றேன். விரல்களால் ஜிப்பைப் பிடிக்கவே முடியவில்லை. பேச்சு குழறியது. ஜாக்கெட்டுக்குள் கை விட்டுப் பார்த்தால் பனியன் தோய்த்துப் பிழியாத துணி மாதிரி இருந்தது. இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்று காற்றை மறைக்க, ஈரத்தை உருவிப் போட்டு, என் பையிலிருந்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, சர்க்கரை தூக்கலான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். சௌகம்பாவின் நுனி சிவந்து, பொன்னாகி, வெளுத்ததை அவன் பார்க்கவே இல்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் அவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான். நடுக்கம் அடங்கி, பேச்சு தெளிந்ததும் கீழே கூட்டிக்கொண்டு போனோம். பேச்சு தெளியாமல் நடுக்கம் மட்டும் நின்றிருந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து.

இதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். இன்னமும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் தவிர்க்கப் பெரிய செலவே இல்லை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். உடம்பு சூடேறியதும் நின்று இன்னொரு அடுக்கையும் கழற்றுங்கள். கூட வருகிறவர்கள் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள், காத்திருக்கட்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். உடம்பை ஒட்டிப் போட பாலியெஸ்டர் டி-ஷர்ட் நல்லது, பழைய கால்பந்து ஜெர்சி இருந்தால் கூடச் சரி. காய்ந்த சட்டை ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுபோங்கள். உச்சிக்குப் போனதும், போனை வெளியே எடுப்பதற்கு முன்னால், பாறை மறைவில் அதை மாற்றிக்கொண்டு அப்புறம் ஜாக்கெட்டைப் போடுங்கள். இறகு அடைத்த ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: உள்ளிருக்கும் இறகு வியர்வையில் நனைந்தால் அது சூடு தராது.

சாவகாசமாகக் கிளம்புவது

வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சரிவோடு மேலே வந்து, குளிர்ந்து, மேகமாகும். பத்து, பதினொரு மணிக்கு மேல் சிகரங்கள் மறைந்துவிடுவது சாதாரணம். உதயத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, எட்டு மணிக்குள் முகட்டில் இருங்கள்.

பனிக்காலத்தில் கிராம்பான் (வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள்) இல்லாமல் போவது

மதியம் மெத்தென்று இருந்த பனி, மறுநாள் காலையில் இறுகி வழுக்கும். கோயிலுக்கு மேலே பாதை பனியில் மூடிக் கிடக்கும்போது, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

உயரத்தால் வரும் தலைவலியை மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு மேலே ஏறுவது

வேண்டாம். இறங்குங்கள்.

புல்வெளியில் குறுக்குவழி

ஒருவர் மிதித்த தடத்தில் அடுத்த மழை ஓடையாக ஓடி மண்ணை அரிக்கும். பாதையிலேயே நடங்கள்.

போனை வெளிப்பாக்கெட்டில் வைப்பது

குளிரில் பேட்டரி இறங்கிவிடும். உடம்போடு ஒட்டி உள்பாக்கெட்டில் வையுங்கள்.